என் 4 வயது மகன் காய்கறியைத் தொடுவதே இல்லை. சத்தான உணவைச் சாப்பிட வைப்பது எப்படி?

காய் என்றால் வாயை இறுக மூடிக்கொள்கிறான், பிஸ்கட், நூடுல்ஸ், பால் மட்டும் கேட்கிறான், ஒரு வேளை சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளுக்கு மூன்று வயதில் எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். இப்போது அவளுக்கு ஏழு வயது. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திண்டுக்கல். வீட்டில் அத்தை, கணவர், நான், மகள். பருப்புச் சோற்றைக் கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் அவள் பின்னாலேயே போவேன். காக்காயைக் காட்டி ஒரு வாய், பக்கத்து வீட்டு நாயைக் காட்டி ஒரு வாய். அது பலிக்காத நாளில் போனில் பாட்டு. பாட்டு ஓடும்போது வாய் தானாகத் திறக்கும், விழுங்குவாள். என்ன சாப்பிட்டோம் என்பது அவளுக்கே தெரியாது. கிண்ணம் காலியானால் எனக்கு நிம்மதி.

ஒருநாள் அவள் சுவரோரம் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பதைப் பார்த்தேன். சிலேட்டோடு இருந்த பல்பத்திலும் பல்தடம். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அத்தைதான், "ஏம்மா, ரத்தம் கம்மியா இருக்கிற பிள்ளைங்கதான் இப்படித் தின்னும். டாக்டர்கிட்ட காட்டிட்டு வா" என்றார். அவர் சொன்னது சரி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 வந்தது. அந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

டாக்டர் அடுத்துக் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால் குடிக்கிறா?" நாலு டம்ளர், மால்ட் பவுடர் போட்டு, என்றேன். சோறு இறங்காவிட்டாலும் பாலாவது போகிறதே என்பதுதான் அதுவரை எனக்கு ஆறுதல். அவர் பொறுமையாக விளக்கினார். பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் பாலில் உள்ள கால்சியம் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நாலு டம்ளர் பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? இந்த வயதுக்கு ஒரு நாளில் அரை லிட்டருக்குள் போதும் என்றார். இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தோம் என்றும் கேட்டார்.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டும் இல்லை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. வேளாவேளைக்கு அடுப்பு எரிகிற வீடுகளும் இதில் அடக்கம். அதனால்தான் காய் சாப்பிடவில்லை என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று டாக்டர் சொன்ன இன்னொன்று என் பயத்தைப் பாதி குறைத்தது. மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது, மூன்று மடங்கு. அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ சொச்சம்தான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. நாம் முதல் வருடத்துக் கணக்கிலேயே ஊட்டிக்கொண்டிருக்கிறோம். அதோடு, இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை புது உணவைப் பார்த்து மிரள்வது பெரும்பாலான குழந்தைகளுக்கு இயல்பு. அதைப் பிடிவாதம் என்று நினைத்து நாம் மல்லுக்கு நிற்கிறோம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த முறை ஒன்று உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். கேட்க எளிது. ஆனால் நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டுவிட்டு, எவ்வளவு என்பதை நாம் திணிக்கிறோம்.

சரி, நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். பால் இரண்டு டம்ளர், அதுவும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை தின்பண்டம். இடையில் தண்ணீர் மட்டும். சாப்பிடும்போது போன் யார் கையிலும் இல்லை. இரவில் நால்வரும் கூடத்தில் பாய் விரித்து ஒன்றாக உட்கார வேண்டும், அவளுக்குத் தனித்தட்டு. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவோம், திட்டு கிடையாது, கெஞ்சல் கிடையாது.

முதல் நான்கு நாள் கஷ்டம்தான், மறைக்கவில்லை. இரண்டு வாய் தயிர்சோறோடு எழுந்து போவாள். "பிள்ளை வெறும் வயித்தோட படுக்குதே" என்று அத்தைக்குத் தூக்கம் வராது. மூன்றாம் நாள் முந்தானையில் பிஸ்கட் மறைத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். கோபப்படவில்லை. அவரிடம் உட்கார்ந்து, "அத்தை, பிஸ்கட்டுக்குப் பதிலா உங்க கையால என்ன செஞ்சு கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். மறுநாள் காலை கேழ்வரகு வறுபடும் வாசனையில்தான் கண் விழித்தேன். கேழ்வரகு புட்டு, எள்ளுருண்டை, பச்சைப்பயறு சுண்டல், சத்துமாவு உருண்டை என்று மாலை நேரத்தை முழுசாக அவரே எடுத்துக்கொண்டார். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பாலைக் குறைத்தால் எலும்பு என்னாகும் என்ற கவலையும் அதோடு போனது. ஐந்தாம் நாள் மகள் தானாகவே "பசிக்குது" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பசி வர நாங்கள் விட்டதே இல்லை. பாட்டி தாத்தா இருக்கும் வீடு என்றால் அவர்களை மீறி எதையும் செய்யப் பார்க்காதீர்கள், அவர்கள் கையில் வேலையைக் கொடுங்கள்.

காய் விஷயத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டியிருந்தது. ஒரு புது உணவை எட்டிலிருந்து பதினைந்து முறை சுவைத்துப் பார்த்த பிறகே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று படித்திருந்தேன். நாமோ மூன்றாவது முறை துப்பினாலே "இவளுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். பீட்ரூட் பொரியலை வாரம் இருமுறை, ஒரே ஒரு ஸ்பூன், தட்டின் ஓரத்தில் வைத்தேன். தின்னு என்று சொல்லவில்லை. பல நாள் விரலில் சாயம் ஒட்டிக்கொண்டு விளையாடினாள், ஒருநாள் நக்கினாள், ஒருநாள் மென்று துப்பினாள். பதினோராவது முறை அந்த ஒரு ஸ்பூனை முழுதும் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கைதட்டத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். பாராட்டும் ஒருவகை அழுத்தம்தான்.

ஞாயிறு காலை உழவர் சந்தைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். ஒரு காயை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் எடுத்தது புடலங்காய், அவள் உயரத்துக்கு இருந்ததால். வீட்டுக்கு வந்ததும் அவரைக்காய் நார் எடுப்பது, முருங்கைக்கீரை ஆய்வது எல்லாம் அவள் வேலை. கீரை ஆய்ந்த அன்று அது "நான் ஆஞ்ச கீரை" ஆகிவிடும், அத்தைக்கும் அப்பாவுக்கும் அவளே பரிமாறுவாள். கீரையிலும் பயறிலும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். வைட்டமின் சி இருந்தால் அதிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

என் கணவர் சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்குபவர். மகளும் அதே மாதிரி, அதே இடத்தில் ஒதுக்குவாள். இதைக் கவனித்த அன்றிலிருந்து அவர் கத்தரிக்காயை எடுத்துத் தின்னத் தொடங்கினார். நான் சொன்ன எதையும்விட அது அதிகம் வேலை செய்தது.

இரண்டு வழிகளை நான் செய்து பார்த்து விட்டுவிட்டேன். ஒன்று, கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவில் ஒளிப்பது. பச்சை நிறத்தைக் கண்டுபிடித்ததும் இரண்டு மாதம் சப்பாத்தியையே தொடவில்லை. என்ன போட்டிருக்கிறோம் என்று சொல்லியே கொடுங்கள். மற்றொன்று, "கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்பது. இதில் சாக்லேட் பரிசு ஆகிறது, கீரை அதற்குக் கட்டும் அபராதம் ஆகிறது.

உங்கள் மகன் நூடுல்ஸ் கேட்கிறான் அல்லவா, அங்கிருந்தே தொடங்கலாம். அவனுக்குப் பிடித்திருப்பது நீளமும் வழுவழுப்பும். கேரட் துருவிப் போட்ட சேமியா, அப்புறம் தேங்காய்ப்பாலோடு இடியாப்பம், அப்புறம் முட்டை போட்டுக் கிளறிய இடியாப்பம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பிஸ்கட் வீட்டில் இருந்துகொண்டே "இல்லை" என்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். வாங்காமல் இருந்தால் நாம் சொல்வது உண்மையாக இருக்கும். வெளியே போகும்போது ஐஸ்கிரீம் கேட்டால் வாங்கித் தருகிறோம், அதற்குத் தடை போடவில்லை.

மால்ட் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை படியுங்கள். எங்கள் டப்பாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. இப்படிப்பட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைக்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

பள்ளியில் சேர்ந்த பிறகு இன்னொன்றைக் கண்டேன். மகள் படிப்பது அரசுத் தொடக்கப்பள்ளி, காலை உணவு அங்கேதான். வீட்டில் ரவா உப்புமா என்றால் ஓடுபவள், அங்கே காய்கறி சாம்பார் ஊற்றி இரண்டாவது முறை கேட்டு வாங்குகிறாள் என்று சமைக்கும் அக்கா சொன்னார். வரிசையாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளை தின்பதைப் பார்த்துத் தின்கிறாள். உங்கள் மகனை வாரம் ஒருமுறையாவது அவன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்த்திச் சாப்பிட வையுங்கள்.

எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மண், பல்பம், சுண்ணாம்பு தின்றாலோ முதலில் டாக்டரிடம் போங்கள். முழு நிலக்கடலையை ஐந்து வயது வரை தர வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். பொடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம்.

மூன்று மாதத்தில் மகளின் ஹீமோகுளோபின் 11.4 ஆனது. சிரப்பின் பங்கு அதில் பெரியது. பல்பம் தின்பதும் நின்றுவிட்டது. பாகற்காயை மட்டும் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை செய்தேன், தட்டின் ஓரத்தில் இரண்டு துண்டு வைத்தேன், ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த வாரம் மறுபடி செய்வேன்.