மகப்பேறு விடுப்புக்கு ஊதியம் தருவது யார் பொறுப்பு? – கேள்வி பதில்

திருப்பூரிலும் கோவையிலும் உள்ள பனியன் கம்பெனிகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் சம்பளப் பட்டியல், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மகப்பேறு விடுப்பு பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்று: கருவுற்றிருக்கும் பெண்கள் அலுவலகத்தில் நீட்டப்படும் எந்தத் தாளிலும், படித்துப் பாராமல் கையெழுத்திட வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது.

கேள்வி (ஈரோடு, தனியார் பள்ளி அலுவலர்): சேர்ந்து ஐந்து மாதங்கள்தான் ஆகின்றன. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு இந்த விடுப்பு கிடையாது என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. நிரந்தரப் பணியா, தகுதிகாண் பருவமா என்று சட்டம் பார்ப்பதில்லை. பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரமாயிற்று. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள்; நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையொப்பம் வாங்குங்கள்.

கேள்வி (கோவை, வடிவமைப்பு நிறுவன உரிமையாளர்): என் நிறுவனத்தில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஊழியர் ஒருவர் விடுப்பில் செல்கிறார். ஆறு மாதச் சம்பளத்தை அவருக்கும் கொடுத்து, அவர் இடத்தில் வருபவருக்கும் நான் கொடுக்க வேண்டும். விடுப்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. அதன் செலவு ஏன் என் தலையில் மட்டும் விழுகிறது?

இன்று வந்த கேள்விகளில் மிகவும் நியாயமானது இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கணக்கில் 26 வாரத்துக்கு 1,80,000 ரூபாய் ஆகிறது. ஐந்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு வரி. பன்னிரண்டு பேர் கொண்ட இடத்தில் அது ஓராண்டு இலாபமாகக்கூட இருக்கலாம். இப்போது உங்கள் அலுவலகத்திலேயே 20,000 ரூபாய் வாங்கும் இன்னொரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பார். அவருக்காக நீங்கள் மாதந்தோறும் 3.25 விழுக்காடு, அதாவது 650 ரூபாய் செலுத்துகிறீர்கள். அவர் பங்கு 0.75 விழுக்காடு, 150 ரூபாய். அவருக்குக் குழந்தை பிறக்கும்போது 26 வார ஊதியத்தையும் ஈ.எஸ்.ஐ. கழகம் நேரடியாக அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். உங்களுக்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பு 21,000 ரூபாய். 22,000 வாங்குபவர் அந்த வேலிக்கு வெளியே போய்விடுகிறார். அவருக்கான 1,32,000 ரூபாயை முழுவதும் நீங்களே தர வேண்டும். ஆயிரம் ரூபாய் ஊதிய உயர்வு ஒரு பெண்ணை, முதலாளியின் கண்ணில், பாரமாக மாற்றிவிடுகிறது.

இதன் விளைவைச் சம்பளப் பட்டியலில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவில் இருந்த ஏழு பெண்களுக்கும் 20,900, 20,950 என்று சம்பளம் நின்றிருந்தது. அதே பிரிவில் அதே ஆண்டு சேர்ந்த ஆண்கள் 24,000ஐத் தாண்டியிருந்தார்கள். காரணம் கேட்டேன். மேலாளர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஆகவே என் கருத்து இது: விடுப்பு இருக்கத்தான் வேண்டும், முழு ஊதியத்துடன் இருக்க வேண்டும், ஆனால் அதற்கான பணம் தனி முதலாளியின் பையிலிருந்து வரக் கூடாது, பொது நிதியிலிருந்து வர வேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஈ.எஸ்.ஐ.யில் ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் அதே 3.25தான். பெண்ணை வேலைக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதலாளியின் செலவு மாறுவதில்லை. அந்த ஏற்பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மருத்துவ வசதிக்கு 21,000 வரம்பை வைத்துக்கொள்ளட்டும். மகப்பேற்று ஊதியத்துக்கு மட்டும் வரம்பை நீக்கி, எல்லா ஊழியர்களின் பேரிலும் ஒரு சிறு பங்கை வசூலித்தால் உங்களைப் போன்றவர்கள் தப்பிப்பார்கள், பெண்களும் தப்பிப்பார்கள்.

கேள்வி (சேலம்): மகப்பேற்று ஊதியத்துக்கு வருமான வரி உண்டா?

உண்டு. அது சம்பளமாகவே கருதப்படும். ஈ.எஸ்.ஐ. கழகம் தரும் தொகையைப் பற்றி உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (சென்னை, மென்பொருள் துறை): எனக்குக் குழந்தை இல்லை, பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. பிறர் குழந்தைக்காக என் சம்பளத்தில் ஏன் பிடிக்க வேண்டும்?

இது புதிய கேள்வியன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பதால் அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்பதுதான் முறை என்று அவர் ஒப்புக்கொண்டார். அரசு ஏற்காத நிலையில், பெண்களின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளி ஓரளவாவது பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அவர் வாதம். 1929இல் வந்த சட்டம் முதலாளியை மட்டும் பிடித்துக்கொண்டது. அன்று விழுந்த அந்தச் சுமை இன்னும் இறங்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஆண் தொழிலாளி ஒருவர் முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட விபத்தில் சிக்காமல் ஓய்வு பெறலாம். கை நசுங்கிய இன்னொருவரின் ஊன உதவித்தொகைக்கு அவருடைய 0.75 விழுக்காடும் போயிருக்கிறது. அவர் ஏமாற்றப்பட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி (மீண்டும் கோவை வடிவமைப்பு நிறுவன உரிமையாளர்): பொது நிதி என்று சொல்வது எளிது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அதற்கே 3.25 போகிறது, அதற்கு மேல் இன்னொரு பிடித்தமா? இதைவிட, பெண்களை வேலைக்கு எடுக்காமல் இருப்பவன் புத்திசாலி என்றுதான் எங்கள் சங்கக் கூட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

நின்று பார்த்திருக்கிறேன், ஐயா. அந்தக் குறையை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மருந்தகம் வேறு, பண உதவி வேறு. மகப்பேற்று ஊதியத்துக்கு மருத்துவச் சான்றும் வங்கிக் கணக்கும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பணம் வந்துவிடுகிறது. தாமதமான கோப்புகளில் பாதியை நான் திறந்து பார்த்தபோது, நிறுவனம் பங்களிப்பு நாள்களைத் தவறாகப் பதிவு செய்திருந்ததே காரணமாக இருந்தது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள்களுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். ஒருவர் 68இல் நின்றால் கணினி தள்ளிவிடும்.

பிற நாடுகள் என்ன செய்கின்றன என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். பிரிட்டனில் சட்டப்படியான மகப்பேற்று ஊதியத்தை முதலாளி முதலில் கொடுத்துவிட்டு, அதில் 92 விழுக்காட்டை அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையில் கழித்துக்கொள்கிறார். சிறு நிறுவனமாக இருந்தால் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்பக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் முதல் இரண்டு பேறுகளுக்கு 16 வாரத்தில் முதல் 8 வாரம் முதலாளி பொறுப்பு, அடுத்த 8 வாரத்தை ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு அரசு ஈடுசெய்கிறது. மூன்றாம் குழந்தை முதல் 16 வாரமும் அரசின் கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, இந்தச் செலவு கட்டாயச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளியின் நேரடிப் பொறுப்பாக இருக்கலாகாது என்பதையே பொது விதியாக வைக்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2018 நவம்பரில் 7 வார ஊதியத்தை முதலாளிகளுக்குத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பேசியது. அது நடைமுறைக்கு வரவில்லை. உங்கள் சங்கம் மனு எழுத வேண்டிய இடம் அது.

கேள்வி (கோவை, கணக்காளர்): மேலே எழுதியிருக்கும் உரிமையாளருக்கு என் வணக்கம். அந்த ‘புத்திசாலிகளை’ நான் நேர்முகத் தேர்வில் சந்தித்திருக்கிறேன். என் படிப்பைப் பற்றி இரண்டு கேள்விகள், திருமணம் எப்போது என்று நான்கு கேள்விகள். பொது நிதி வரும் வரை நாங்கள் என்ன செய்வது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கருவுற்ற பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேலைக்கே எடுக்காமல் விடுவதை நிரூபிப்பது பெரும்பாடு. நேர்முகத் தேர்வில் கேட்டதற்குச் சாட்சி இருப்பதில்லை. முதலாளியின் கணக்கிலிருந்தே இந்தச் செலவை எடுத்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முதற்காரணம் நீங்கள்தான். அவருடைய 1,80,000 ரூபாய் இரண்டாவது காரணம்.

கேள்வி (கோவை வடிவமைப்பு நிறுவன உரிமையாளர்): நான் அப்படிச் செய்பவன் அல்லன். என்னிடம் வேலை செய்யும் பன்னிரண்டு பேரில் ஐவர் பெண்கள். சட்டம் என்னை அந்தப் பக்கம் தள்ளுகிறது என்றுதான் சொன்னேன்.

நம்புகிறேன். இருவரும் ஒரே சட்டத்தால் அடிபட்டு ஒருவரையொருவர் பார்த்துக் கோபப்படுகிறீர்கள். இந்தத் தகராறு இங்கே போதும். இது பற்றி மேலும் வந்த ஒன்பது கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (திருப்பூர், தையல் பிரிவு): ஆறாம் மாதம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, குழந்தை பிறந்த பின் மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார் சூப்பர்வைசர்.

எழுதிக் கொடுக்காதீர்கள். ராஜினாமா செய்தவுடன் பணித்தொடர்ச்சி அறுந்துவிடும். மறுபடி சேரும்போது நீங்கள் புதிய ஆள். முதலில் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குச் சென்று உங்கள் காப்பீட்டு எண்ணைக் காட்டிப் பங்களிப்பு நாள்களைக் கேளுங்கள். பிறகு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி (பல்லடம்): ராஜினாமா எழுதச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

மேலே உள்ள பதில்.

கேள்வி (அவிநாசி): வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். ராஜினாமா என்று அதில் எழுதவில்லை. போடலாமா?

அம்மா, நான் முதல் பத்தியில் என்ன எழுதியிருக்கிறேன்?

கேள்வி (மதுரை): தந்தைக்கு ஏன் விடுப்பு இல்லை?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியார் துறையில் சட்டப்படி எதுவுமில்லை. நிறுவனம் மனமுவந்து கொடுத்தால்தான். 2017இல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை. 2023இல் மனைவியின் பேற்றுக்காக விடுப்புக் கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், உங்கள் ஊரிலுள்ள உயர்நீதிமன்றக் கிளையே இதற்கெனச் சட்டம் தேவை என்று சொல்லியிருக்கிறது. சுவீடன் 1974இலேயே தாய்க்கு மட்டும் இருந்த உதவியைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக மாற்றியது. இன்று 480 நாளில் 90 நாள் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும், தாய்க்குப் போகாது. ஆணும் ஒருநாள் விடுப்பில் போவான் என்று தெரிந்தால் நேர்முகத் தேர்வில் அந்த நான்கு கேள்விகளை யாரிடம் கேட்பார்கள்?

கேள்வி (திண்டுக்கல், நூற்பாலை): ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருப்பதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். யாரும் குழந்தையைக் கொண்டுவருவதில்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம். தாய் நாளில் நான்கு முறை சென்று பார்க்கலாம். நான் பார்த்த காப்பகங்களில் ஒன்று: சுவரில் மிக்கி மவுஸ், தரையில் நீலப் பாய், அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள். சாவி காவலாளியிடம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக்கு முந்தைய நாள் திறந்து பெருக்குவார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சம்பளம் ஒதுக்காமல் அறையை மட்டும் கட்டினால் இப்படித்தான் முடியும். இதுவும் யார் பணம் என்ற கேள்விதான்.

கேள்வி (நாகப்பட்டினம்): நான் வயல்வேலைக்குப் போகிறேன். எனக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. இந்தப் பேச்செல்லாம் எனக்கு எதற்கு?

சரியான இடத்தில் அடித்திருக்கிறீர்கள். 26 வாரம் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்: 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும், ஆக 18,000. பணத்தை மட்டும் 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 77 ரூபாய்கூட வராது. அந்தத் தொகைக்கு யாரும் நாற்று நடாமல் வீட்டில் இருக்க முடியாது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: இதை எந்த முதலாளியும் தரவில்லை, பொதுப் பணத்திலிருந்து வருகிறது, ஆகவே உங்களை வேலைக்குக் கூப்பிட யாரும் இதனால் தயங்குவதில்லை. வழி சரியானது, தொகைதான் போதாது. கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராமச் செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள். பதிவு தள்ளிப்போனால் தவணையும் தள்ளிப்போகும்.

கேள்வி (திருச்சி): எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்த்தால் நல்லது?

இது என் துறையன்று.

கேள்வி (ஒசூர், ஒப்பந்த ஊழியர்): விடுப்பில் இருக்கும்போதே என் ஒப்பந்தக் காலம் முடிகிறது. மீதி வாரங்களுக்கான ஊதியம் போய்விடுமா?

போகாது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் மகப்பேற்று ஊதியம் முழுக் காலத்துக்கும் உரியது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

கேள்வி (கோவை வடிவமைப்பு நிறுவன உரிமையாளர்): கடைசியாக ஒன்று. அந்த ஊழியர் அடுத்த மாதம் விடுப்பில் செல்கிறார். பொது நிதி வரும்போது வரட்டும். இப்போது பணத்தை எப்போது, எப்படித் தர வேண்டும்?

பேற்றுக்கு முந்தைய வாரங்களுக்கான தொகையைக் கருவுற்றதற்கான மருத்துவச் சான்று கிடைத்ததும் முன்பணமாகத் தர வேண்டும். எஞ்சியதைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்கள் செலவில் பேறுகால மருத்துவ வசதி தரவில்லையென்றால் 3,500 ரூபாய் மருத்துவத் தொகையும் சேர்த்து. மாதாமாதம் சம்பளத் தேதியில் தந்தால் உங்களுக்கு எளிதாக இருக்கும் என்றால், முதலில் அவரிடம் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளையும் அவர் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடட்டும்.