கிஸிம்மி: மாடா, கால்வாயா?

அன்புள்ள ஐயா,

ஃப்ளோரிடாவின் கிஸிம்மி ஆறு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்தச் சதுப்பு நிலத்தைக் கெடுத்தது மாடுகள்தான் என்று எனக்குப் படுகிறது. பண்ணைகளைக் காலி செய்துவிட்டால் நிலம் தானாகத் தேறிவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேறாது. ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகள் ஃப்ளோரிடாவில் பல நூற்றாண்டுகளாக மேய்கின்றன. அங்குள்ள செமினோல் பழங்குடி மக்களும் பெரிய மந்தைகள் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் மாடு மேட்டுக்குப் போகும், வடிந்ததும் புல்லுக்குத் திரும்பும். சதுப்பு நிலம் அதைத் தாங்கிக்கொண்டது.

தாங்க முடியாமல் போனது கால்வாயை. 1947 வெள்ளத்துக்குப் பிறகு மக்கள் பாதுகாப்பு கேட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் கிடைத்தது என்ன? சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்த ஆற்றை, 1962க்கும் 1971க்கும் இடையில் ராணுவப் பொறியாளர்கள் 90 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கால்வாயாக வெட்டினார்கள். ஒன்பது மீட்டர் ஆழம். வெள்ளம் பரவி நின்ற படுகை காய்ந்தது, மேய்ச்சல் நிலம் அதற்குள் இறங்கியது. மீன் பிடிக்கும் நாரைகளும் கொக்குகளும் பெரும்பாலும் போய், மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும் உண்ணிக்கொக்கு வந்தது. என்ன நடந்தது என்பதற்கு அந்த ஒரு பறவையே போதும்.

இன்னொன்று, பெரிய கால்வாயை மட்டும் பார்க்காதீர்கள். பண்ணைகளுக்குள் வெட்டிய சின்னச் சின்ன வாய்க்கால்கள்தான் மழைநீரைத் தங்கவிடாமல் இழுக்கின்றன. உரமும் சாணமும் விட்ட பாஸ்பரஸ் அந்த வழியாகவே, ஆறு போய்ச் சேரும் ஒகீச்சோபி ஏரிக்குப் போய்ப் பாசியாகப் பூக்கிறது. இன்றைக்கே மாடுகளை ஓட்டிவிட்டாலும், மண்ணில் ஏற்கனவே சேர்ந்த பாஸ்பரஸ் பல வருஷங்களுக்கு மழையோடு கசிந்துகொண்டிருக்கும்.

சரி, வழி இல்லையா? இருக்கிறது. 1999இல் தொடங்கி 2021இல் முடிந்த சீரமைப்பில் கால்வாயின் சுமார் 35 கிலோமீட்டரை மண் போட்டு மூடினார்கள். அதற்காகப் படுகை நிலத்தை அரசு விலைக்கு வாங்கியது. பழைய வளைவுகளில் தண்ணீர் ஓடுகிறது, நீர்ப்பறவைகளும் திரும்பியிருக்கின்றன.

ஆனால் மேட்டுநிலப் பண்ணைகளையும் காலி செய்யச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். வடக்கே ஆர்லாண்டோ நகரம் வீங்கிக்கொண்டே வருகிறது. மாடு போன இடத்தில் மனை வரும், தார் ரோடு வரும். அதைவிட, பண்ணைக்காரர் தன் வாய்க்கால் மதகில் பலகை போட்டு மழைநீரை நிறுத்திவைக்க அரசு பணம் கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் பெரிதாக்க வேண்டும்.

அன்புடன்