மடோனா: சில கேள்விகளும் பதில்களும்

பாப் பாடகி மடோனாவைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அவரைவிடக் குரல்வளம் மிக்க பாடகிகள் அவர் காலத்திலேயே இருந்தார்களே, பிறகு எப்படி அவர் இவ்வளவு உயர்ந்தார்?

குரலை மட்டும் எடைபோட்டால் விட்னி ஹூஸ்டனுக்குப் பக்கத்தில்கூட அவரை நிறுத்த முடியாது என்பதை, அவருடைய ரசிகனான நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் மடோனா பாட்டின் வழியாக வந்தவர் அல்லர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடனம் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1978இல் நியூயார்க்குக்கு வந்தார். அவருடைய முதல் பாடல் 1982இல் வெளியானபோது, பாடல்களைக் காட்சியாகவே ஒளிபரப்பும் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாட்டு காதுக்கு மட்டுமின்றிக் கண்ணுக்கும் உரியதாக மாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நடனம் பயின்ற உடலும் தன் தோற்றத்தைத் தானே தீர்மானிக்கும் பிடிவாதமும் கொண்ட ஒருவருக்குக் கதவு தானாகவே திறந்தது.

கேள்வி: பெப்சி விளம்பர விவகாரத்தில் உண்மையில் நடந்தது என்ன?

1989இல் ‘லைக் எ பிரேயர்’ பாடலை வைத்து ஒரு விளம்பரத்தில் நடிக்க அவருக்கு 50 லட்சம் டாலர் பேசப்பட்டது. விளம்பரம் வெளியான மறுநாள், எரியும் சிலுவைகளும் கறுப்பினப் புனிதர் ஒருவரும் இடம்பெற்ற அதே பாடலின் காணொளி எம்டிவியில் வந்தது. சமய அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுக்கவே, பெப்சி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. பணமோ மடோனாவிடமே இருந்துவிட்டது. பலர் இதைச் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நிறுவனத்தின் பணத்தை வாங்கிக்கொண்டும் அதன் அச்சத்துக்குத் தன் படைப்பைத் திருத்தாமல் இருக்க ஒரு பாடகியால் முடியும் என்று காட்டியதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: ‘வோக்’ நடனத்தை அவர் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதா?

பாதி நியாயமானது. அந்த நடனம் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், கறுப்பின, லத்தீன் வம்சாவளித் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் தங்களுக்கென்று நடத்திவந்த ‘பால்’ (ball) எனப்படும் ஆடல், அலங்காரப் போட்டிகளில் வளர்ந்தது. மடோனா வெறுமனே பார்த்து நகலெடுக்கவில்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஹோசே குட்டியெரெஸ், லூயிஸ் கமாச்சோ இருவரையும் நடன அமைப்புக்கு அழைத்து, 1990ஆம் ஆண்டு உலகச் சுற்றுப்பயணத்திலும் தம்முடன் ஆட வைத்தார். ஆயினும் ‘வோக்’ என்ற அவருடைய பாடலில் பெயர் சொல்லிப் புகழப்படும் நட்சத்திரங்கள் அனைவரும் வெள்ளையர்களே; பெரும்பாலோர் பழைய ஹாலிவுட்டைச் சேர்ந்தவர்கள். நடனத்தை உருவாக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. இந்தக் குறையை அவருடைய ரசிகர்கள் மழுப்பக் கூடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே சமூகத்தைக் கடுமையாகத் தாக்கிய எய்ட்ஸ் நோய்க்கு ஆளானவர்களைச் சமுதாயம் தீண்டத் தயங்கிய 1989இல், தம் ஆல்பத்தின் உறைக்குள்ளேயே அந்நோய் பற்றிய உண்மைகளை அச்சிட்ட தாளொன்றை அவர் வைத்தார்.

கேள்வி: அவர் சமஸ்கிருதத்தில் பாடியிருப்பது உண்மையா?

உண்மைதான். 1998இல் வந்த ‘ரே ஆஃப் லைட்’ ஆல்பத்தில் ‘சாந்தி/அஷ்டாங்கி’ என்ற பாடல் உள்ளது. யோகம் பற்றிய சமஸ்கிருத நூலான ‘யோக தாராவளி’யின் தொடக்கச் சுலோகத்தைத் தழுவியது.

கேள்வி: இன்றைய பாடகிகளிடம் அவருடைய தாக்கம் எங்கே தெரிகிறது?

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் புதிய தோற்றம், புதிய ஒலி என்று மாறுவதைத்தான் பலரும் சொல்வார்கள். அதைவிட ஆழமானது உரிமை சார்ந்தது. 1992இல் டைம் வார்னர் என்ற ஊடக நிறுவனத்துடன் சேர்ந்து, இசை ஆல்பங்களையும் வெளியிடும் ‘மேவரிக்’ நிறுவனத்தை அவர் தொடங்கியபோது, அதை ஒரு நட்சத்திரத்தின் பொழுதுபோக்கு என்றே பலர் கருதியிருக்கக்கூடும். மூன்றே ஆண்டுகளில் கனடியப் பாடகி அலனிஸ் மோரிசெட்டின் ஆல்பத்தை வெளியிட்டு, கோடிக்கணக்கில் விற்றுக் காட்டியது அதே நிறுவனம்தான். தன் படைப்புக்குத் தானே முதலாளியாக இருக்க வேண்டும் என்று இன்று ஒரு பாடகி வாதாடும்போது, அது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை.

கேள்வி: இந்த வயதிலும் மேடையேற வேண்டுமா?

ஆண் ராக் பாடகர்களிடம் இந்தக் கேள்வி அரிதாகவே இதே கடுமையுடன் கேட்கப்படுகிறது. 2023இல் கடுமையான பாக்டீரியாத் தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர், சில மாதங்களிலேயே சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார். 2024 மே 4 அன்று ரியோ டி ஜெனீரோவின் கோபகபானா கடற்கரையில் அவர் கட்டணமின்றி நடத்திய நிறைவு நிகழ்ச்சிக்குச் சுமார் 16 லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 65.