கிப் வராமல் லெவல் ஏறலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பானஸ்வாடியில் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறாள். அங்கே அமெரிக்க லெவல் முறையில் சொல்லித் தருகிறார்கள். மூன்றாம் லெவல் முடிந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்ஸில் (உயரமும் தாழ்வுமாக இரண்டு கம்பிகள்) தொங்கி வீசிக் கம்பிக்கு மேலே எழும் ‘கிப்’ வராமல் நான்காம் லெவலுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார் கோச். நியூஜெர்சியில் என் நாத்தனார் மகள், இவள் வயதுதான், ஆறாம் லெவல் போய்விட்டாள். வகுப்பை மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி, தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் கோச் பிடிவாதம் பிடிப்பது சரியான இடத்தில்தான்.

அந்த முறையில் மொத்தம் 10 லெவல்கள். முதல் ஐந்தில், அந்தந்த லெவலில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அசைவுகளைத்தான் செய்ய வேண்டும். ஃப்ளோரில், அதாவது தரையில் செய்யும் பகுதியில், இசைகூட ஒன்றுதான். ஆறிலிருந்துதான் அவரவருக்குத் தனி ரொட்டீன். பத்துக்கும் மேலே எலீட் என்ற உச்சநிலை. வருஷம் முடிந்தால் அடுத்த வகுப்பு என்று பாஸ் போடுகிற பள்ளிக்கூடம் போல இதைப் பார்க்காதீர்கள். சில லெவலைச் சீக்கிரம் தாண்டிவிடலாம், சிலவற்றில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பல பிள்ளைகள் திணறுவது இந்தக் கிப்பால்தான்.

ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். தாழ்ந்த கம்பியைப் பிடித்து, பாதம் தரையில் படாமல் முன்னால் வீசிப் போக வேண்டும். உடம்பு முழுக்க நீண்டதும் சட்டென்று பாதங்களைக் கம்பிக்குக் கொண்டுவந்து, பின்னால் திரும்பி வரும்போதே கம்பியைக் காலோடு ஒட்டி இடுப்புவரை இழுத்து, கையை மடக்காமல் மேலே எழ வேண்டும். வயிற்றிலும் தோளிலும் வலு இருந்தாலும் ஒரு நொடி பிந்தினால் எழ முடியாது. ஐந்தாம் லெவலில் இதையே உயரக் கம்பியிலும் செய்ய வேண்டும். இங்கே அரைகுறையாக விட்டால் அங்கே விழுவாள்.

நாத்தனார் மகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறாள் என்று கேட்டீர்களா? அதைக் கேட்காமல் இரண்டு குழந்தைகளை ஒப்பிடுவது நியாயமில்லை. மேலும், நம் தேசியப் போட்டிகள் சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று நடப்பவை. அங்கே இந்த லெவல் எண் கணக்கில் வராது. அகர்தலாவின் தீபா கர்மாகர் இந்த ஏணியில் ஏறி வந்தவர் அல்ல. தட்டைப் பாதத்தோடு பயிற்சியைத் தொடங்கியவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாண்டும் வால்ட்டில் நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் போனது 0.15 புள்ளியில். 2024இல், 30 வயதில், ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட்டில் தங்கம் வென்றார். உங்கள் மகளுக்கு வயது ஒன்பதுதானே!

வீட்டுக் கம்பியில் கிப் முயற்சி வேண்டவே வேண்டாம். தொங்கிக்கொண்டு கால் தூக்குவது, முதுகைத் தரையோடு ஒட்டிப் படுத்துத் தோளையும் காலையும் உயர்த்திப் பிடிப்பது, இவை போதுமா என்று கோச்சிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தால் ஆறும்வரை பார்ஸ் வேண்டாம். ‘இன்னிக்கு வந்துச்சா?’ என்று தினமும் வாசலிலேயே கேட்காதீர்கள்.

மணிக்கட்டு வலி, இடுப்பு வலி என்று பிள்ளை சொல்லியும் செய்ய வைத்தாலோ, உடல் எடையைச் சொல்லிக் குத்திக் காட்டினாலோ, அன்றைக்கே வகுப்பை மாற்றிவிடுங்கள்.