ஆள் கிடைக்கவில்லையா? விளம்பரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்

தொழிற்பட்டறை நடத்துபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெல்டர் வேண்டும் என்று பல மாதமாக விளம்பரம் கொடுக்கிறோம். ‘ஐந்து வருட அனுபவம்’ என்று சொல்லி வருகிறவர்கள்கூட வேலையில் தேறுவதில்லை. நல்ல வெல்டர்களே அருகிவிட்டார்களா?
– ஃபேப்ரிகேஷன் பட்டறை உரிமையாளர்

பதில்: ஆள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் விளம்பரத்திலும் கோளாறு இருக்கிறது. ஐந்து வருடமாக வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்தவருக்கும் ஐந்து வருட அனுபவம். பிரஷர் பைப்பில் ரூட் (இணைப்பின் அடியில் போடும் முதல் வரி) போட்டவருக்கும் அதே ஐந்து வருடம். வெல்டிங் முறை ஆர்க்கா, மிக்கா, டிக்கா? என்ன உலோகம், எத்தனை மி.மீ. கனம், எந்த பொசிஷன் (தட்டையா, பக்கவாட்டா, செங்குத்தா, தலைக்கு மேலா)? இதையெல்லாம் எழுதுங்கள். சம்பளத்தையும் எழுதுங்கள். ‘தகுதிக்கேற்ப’ என்று போட்டால், ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவர் போன்கூடப் பண்ணமாட்டார்.

சர்ட்டிஃபிகேட்டைப் பார்க்கும்போது பொசிஷனையும் தேதியையும் பாருங்கள். 1ஜி என்றால் தட்டையாக வைத்து மேலிருந்து போடும் வேலைக்கு மட்டும்தான். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிப் போடுவது 6ஜி. அது தேறியவர் எல்லாப் பொசிஷனுக்கும் ஆவார். ஐஎஸ்ஓ 9606-1 (வெல்டர் தேர்வுக்கான சர்வதேசத் தரநிலை) சான்றிதழ் என்றால், அந்த வெல்டர் அதே வகை வேலையில் தொடர்ந்து இருக்கிறார் என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தாள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் செல்லாது.

அதன் பிறகு டெஸ்ட். 10 மி.மீ. கனத்தில் 150 மி.மீ. நீளமுள்ள இரண்டு தகடு, ஒவ்வொன்றிலும் 30 டிகிரி சரிவு, இடையில் 3 மி.மீ. இடைவெளி. செங்குத்தாக நிறுத்திக் கீழிருந்து மேலே போடச் சொல்லுங்கள். முடிந்ததும் இரண்டு ஓரத்தையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இரண்டு பட்டை வெட்டுங்கள். ஒன்றை ரூட் பக்கம் விரியும்படியும் இன்னொன்றை முகப்பு விரியும்படியும் வளைத்துப் பாருங்கள். 3 மி.மீ.-க்கு மேல் பிளவு வாய் திறந்தால் தேறவில்லை.

வளைப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். டேக் (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) போட்ட முனைகளை கிரைண்டரில் சரித்துக்கொள்கிறாரா? ஒவ்வொரு பாஸுக்கும் (வெல்டு வரிக்கும்) இடையில், மேலே படியும் கசடான ஸ்லேக்கை முழுசாகத் தட்டி எடுக்கிறாரா? 7018 வெல்டிங் ராடு (ஈரம் படக் கூடாத வகை) கொடுத்தால், “இது சூட்டில் இருந்ததா, திறந்து கிடந்ததா?” என்று கேட்கிறாரா? ஈரம் ஏறிய ராடிலிருந்து ஹைட்ரஜன் புகுந்தால், ஆறிய பிறகு வெல்டுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். அந்தக் கேள்வியைக் கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள். தேறியவருக்கு அன்றைக்கே முடிவைச் சொல்லுங்கள். “யோசித்துச் சொல்கிறோம்” என்று அனுப்பினால் அடுத்த பட்டறையில் சேர்ந்திருப்பார்.

கேள்வி: ஹெல்பராக வந்த பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறோம். ஒரு வருடம் ஆனதும் போட்டிப் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். இத்தனை வருடம் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: பாண்ட் சட்டப்படி செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்; வக்கீலைக் கேளுங்கள். செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், மனசில்லாமல் நிற்பவர் போட்ட வெல்டை இன்னொருவர்தான் வெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

அவர்கள் எப்போது போகிறார்கள் என்று கவனியுங்கள். கை தேறி, சம்பளம் மட்டும் ஹெல்பர் சம்பளமாகவே நிற்கும் நேரத்தில்தான். வருடத்துக்கு ஒருமுறை இன்கிரிமென்ட் என்ற கணக்கு கற்றுக்கொள்கிறவருக்குப் பொருந்தாது; அவர் கை நாலு மாதத்தில் ஒரு படி ஏறிவிடும். படிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: முதலில் கிரைண்டிங், டேக், ஃபிட்டப் (துண்டுகளைப் பொருத்தி நிறுத்துவது), அடுத்து தட்டையிலும் பக்கவாட்டிலும் ஃபில்லட் (மூலையில் போடும் வெல்டு), பிறகு செங்குத்து, கடைசியில் பைப். ஒவ்வொரு படிக்கும் ஒரு டெஸ்ட். தேறிய மாதமே சம்பளம் ஏற வேண்டும்.

முதல் வருடம் முழுக்கக் கூட்டவும் தூக்கவும் வைத்தால் எந்தப் படியும் ஏறாது. வாரத்தில் அரை நாள் ஸ்கிராப் தகட்டில் பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள்; அவசர ஆர்டர் வந்தாலும் அந்த அரை நாளில் கை வைக்காதீர்கள். இன்னொன்று, சொல்வதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது: சூப்பர்வைசரின் வாய். போனவர்களிடம் ஒரு மாதம் கழித்து போனில் பேசிப் பாருங்கள். சம்பளத்துக்குப் பதில் அவர் பெயர் வரக்கூடும்.

கேள்வி: அப்பாவுக்குப் பிறகு மெஷின் ஷாப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு லேத் ஓட்டத் தெரியாது. டர்னரை எப்படிச் சோதிப்பது?
– புதிய உரிமையாளர்

பதில்: ஓட்டத் தெரிய வேண்டாம், அளக்கத் தெரிந்தால் போதும். 25 மி.மீ. ஷாஃப்ட், சிறிய எழுத்து எச்7 (h7) டாலரன்ஸ், அதாவது 24.979 முதல் 25.000 வரை. டிராயிங்கைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மைக்ரோமீட்டரை எடுத்ததும் ஜீரோ பார்க்கிறாரா என்பது முதல் அடையாளம். கடைசி கட் முடிந்ததும் சூட்டோடு அளந்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்கிறாரா, ஆறட்டும் என்று காத்திருக்கிறாரா என்பது இரண்டாவது. 25 மி.மீ. எஃகு 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 0.011 மி.மீ. பருத்திருக்கும், உங்களுக்கு இருக்கும் 0.021-இல் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மறுநாள் காலையில் நீங்களே அளந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் மூத்த ஃபிட்டர் ஓய்வு பெறப்போகிறார். சில வேலைகள் அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதித் தரச் சொன்னால் தட்டிக்கழிக்கிறார்.
– பராமரிப்புப் பிரிவு மேலாளர்

பதில்: கற்றுக்கொடுத்துவிட்டால் சீக்கிரமே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கலாம். ஓய்வுக்குப் பிறகும் வாரம் இரண்டு நாள் வரலாம், இன்ன சம்பளம் என்று முதலில் எழுத்தில் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

ஒரு மாதம், அவருக்காகக் காத்துக்கிடந்த வேலைகளை மட்டும் குறித்து வையுங்கள். அடிக்கடி வருபவற்றில் ஜூனியரைக் கூட நிறுத்துங்கள்; இரண்டு மாதம் கழித்து ஜூனியர் செய்யட்டும், பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலையை மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். பேரிங்கை ஏறக்குறைய 110 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றுவதை வீடியோ காட்டும். நடுவில் ஏன் நிறுத்தித் தடவிப் பார்த்தார் என்பதைக் காட்டாது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, “இப்போது எதைப் பார்த்தீர்கள்?” என்று அவரிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆளே வேண்டாம் என்று வெல்டிங் ரோபோ வாங்கிவிடலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: ஒரே மாதிரி பீஸ் ஆயிரக்கணக்கில் ஓடினால் வாங்கலாம். ஆனால் இடைவெளி ஓரிடத்தில் 1 மி.மீ., இன்னோரிடத்தில் 3 மி.மீ. என்று இருந்தால், சென்சார் இல்லாத ரோபோ அப்படியே ஓட்டை போட்டுக்கொண்டு போகும். மனிதர் கையை நிதானித்துச் சமாளிப்பார். அதனால் முதலில் உங்கள் கட்டிங்கும் ஃபிட்டப்பும் சீராக வருகிறதா என்று அளந்து பாருங்கள். ரோபோவுக்கு புரோகிராம் போடவும் வெல்டிங் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இருக்கிற வெல்டர்களில் ஒருவரை, மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள்.