நைலான் கயிறு 8-க்கு அப்புறம் என்ன ஆச்சு?

கடலூர் முதுநகரில் வலை, கயிறு விற்கும் கடைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். பில் போட அவரே ஒரு சின்ன வெப் பக்கம் எழுதி வைத்திருக்கிறாராம். பொருளை டைப் செய்து பிரிண்ட் பட்டனை அமுக்கினால் புது விண்டோவில் பில் வரும். 'நைலான் கயிறு 8 & 10 மிமீ' என்று போட்டால் மட்டும் 'நைலான் கயிறு 8' என்பதோடு நின்றுவிடுகிறது, ஆனால் மொத்தத் தொகை சரியாக வருகிறது. புதுச்சேரியில் ஒருவரிடம் காட்டியதற்கு, "தமிழ் சப்போர்ட் இல்லை, சேர்க்க 12,000 ரூபாய் ஆகும்" என்றாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க. 'நைலான் கயிறு' என்று தமிழில்தானே வந்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டா அப்படிச் சொன்னார்?

நீங்கள் எழுத்தைப் புது விண்டோவின் முகவரியிலேயே, கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டி அனுப்புகிறீர்கள். அங்கே & என்றால் 'இந்தத் தகவல் முடிந்தது, அடுத்தது வருகிறது' என்று பிரவுசருக்கு அர்த்தம். அதனால்தான் பொருள் பெயர் பாதியில் அறுந்தது, தனியாகப் போன தொகை தப்பித்தது. # போட்டுப் பாருங்கள், அதற்குப் பின்னால் இருக்கும் தொகையும் சேர்ந்து காணாமல் போகும். + போட்டால் பெரும்பாலும் வெற்றிடமாக வந்து நிற்கும்.

மருந்து ஒரே வரிதான்: முகவரியில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாக 'என்கோட்-யூஆர்ஐ-காம்பொனெண்ட்' என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு எடுங்கள். பெயரில் 'காம்பொனெண்ட்' இருக்க வேண்டும், அது இல்லாத அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவர் &-ஐத் தொடமாட்டார். பழைய 'எஸ்கேப்' ஃபங்ஷனும் வேண்டாம், அதில்தான் தமிழ் நிஜமாகவே நாறும். முகவரி நீளுகிறதே என்று பயப்படாதீர்கள், 'கடலூர்' என்ற சொல்லே 54 குறிகளாக விரியும், அது அப்படித்தான்.

ஆனால் வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை எல்லாம் முகவரியில் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பிரவுசர் ஹிஸ்டரியில் தங்கும், சர்வர் பதிவிலும் இருக்கும். அதற்கு 'செஷன் ஸ்டோரேஜ்' (பிரவுசர் அந்த விண்டோவுக்காகத் தற்காலிகமாக வைத்திருக்கும் சேமிப்பு இடம்) நல்லது: பில் விவரத்தை முதலில் அதில் எழுதுங்கள், அப்புறம் விண்டோவைத் திறங்கள், புது விண்டோவுக்கு அதன் நகல் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். எழுத்தைத் திரையில் காட்டும்போது 'இன்னர்-எச்டிஎம்எல்' வேண்டாம், அது எழுத்தையும் பக்கத்தின் கோடாகவே படிக்கும்; எழுத்தை எழுத்தாகவே காட்டும் 'டெக்ஸ்ட்-கன்டென்ட்' போடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். பட்டனை அமுக்கிய கையோடு விண்டோ திறந்தால் பிரவுசர் விடும். பில் நம்பரை சர்வரிடம் கேட்டு, பதில் வந்தபின் திறந்தால், நெட் மெதுவாக இருக்கிற அன்றைக்கு 'பாப்-அப்' (கேட்காமல் திறக்கும் விண்டோ) என்று தடுத்துவிடும், ஏனென்றால் உங்கள் க்ளிக்குக்கு மதிப்பு சில விநாடிதான், எத்தனை விநாடி என்பதும் பிரவுசருக்குப் பிரவுசர் மாறும் (இதை எல்லாரும் உட்கார்ந்து ஒரே மாதிரி வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?). அதனால் க்ளிக்கிலேயே வெற்று விண்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அதற்கு முகவரி கொடுப்பார்கள். ஆனால் செஷன் ஸ்டோரேஜ் நகல் எடுப்பது விண்டோ திறக்கும் அந்த நொடியில் மட்டும்தான், அதற்குப் பின் நீங்கள் எழுதியது அங்கே போகாது, பில் வெறுமையாக வரும். இந்த முறையில் செய்தால் பில் நம்பரை மட்டும் முகவரியில் அனுப்பி, மிச்சத்தைப் புது விண்டோவே சர்வரிடம் கேட்டு வாங்கட்டும். சர்வரே இல்லாமல் கடைக் கணினியிலேயே கணக்குப் போடுகிறீர்கள் என்றால் இந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

அப்புறம் அந்த 12,000 ரூபாய் ஆள். பிரவுசரில் இலவசமாக இருப்பதற்குப் பெயர் வைத்து விற்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். 'பாப்-அப் அனுமதி' வாங்கித் தருகிறேன் என்று ஆண்டுக் கட்டணம் கேட்டவரையே எனக்குத் தெரியும், அந்த அனுமதியைப் பிரவுசர் செட்டிங்ஸில் நீங்களே இலவசமாகக் கொடுத்துக்கொள்ளலாம். என்னிடம் வந்த பேக்கரிக்காரர் ஒருவருக்கு டொமைனையே (தளத்தின் பெயரையே) தன் மெயில் ஐடியில் வாங்கி வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றினார் வேறொருவர், பேக்கரிக்காரர் கடைசியில் வேறு பெயரில் புதுத் தளமே தொடங்க வேண்டியதாயிற்று. உங்கள் டொமைன் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், பாஸ்வேர்டு உங்களிடம் இல்லையென்றால் பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதை வாங்குங்கள்.

சரி, மாற்றியபின் 'கயிறு 8 & 10 # 2 + 1' என்று ஒரு பில் போட்டுப் பாருங்கள். அப்படியே அச்சில் விழுந்தால் வேலை முடிந்தது.