இரண்டு மடங்கு கேட்டால் பாதி வருவது ஏன்?

கேள்வி: பைதான் மொழியின் அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைப்பையில், படத்தைப் பெரிதாக்கவும் சுருக்கவும் சுழற்றவும் உதவும் அஃபைன் டிரான்ஸ்ஃபார்முக்கு மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில் 2 கொடுத்தேன். படம் பெரிதாகாமல் பாதியாகச் சுருங்கி இடது மேல்மூலையில் ஒட்டிக்கொண்டது. மென்பொருளில் பிழையா?

பதில்: பிழை இல்லை. புதுப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நிறுத்தி, ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்றுதான் அது விசாரிக்கிறது. ஆகவே (10, 20) தன் நிறத்தைப் பழைய படத்தின் (20, 40)இலிருந்து எடுக்கிறது. பழைய புள்ளிகளை முன்னோக்கித் தள்ளினால், பெரிதாக்கும்போது நடுவே ஓட்டைகள் விழும். இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டால்தான் என்ன!

ஆகவே இரண்டு மடங்காக்க 2க்குப் பதில் 0.5 கொடுங்கள். வெளியீட்டு அளவையும் இரட்டிப்பாக்குங்கள். இல்லாவிட்டால் கால்பங்குதான் தெரியும். முப்பரிமாண ஸ்கேனுக்கும் இதே விதிதான். ஆனால் உறுப்புகளை 1, 3 என்று எண்ணால் குறித்த படமானால் ஆர்டரை (இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிடும் முறையைக் குறிக்கும் எண்) 0 ஆக்கிவிடுங்கள்; அருகிலுள்ள புள்ளியின் மதிப்பு அப்படியே வரும். இயல்பாக உள்ள ஆர்டர் 3, அக்கம்பக்கத்து மதிப்புகளைக் கலந்துவிடும். எல்லையில் இல்லாத 2ஆம் உறுப்பு முளைக்கும்.